யோகோ ஒகாவாவை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

கேள்வி: கணித ஆசிரியர், அம்மாபேட்டை, சேலம்

அனைவருக்கும் வணக்கம். பதினெட்டு ஆண்டுகளாக மேல்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பித்து வருகிறேன். கதை படிக்கும் பழக்கம் எனக்குக் கல்லூரியோடு நின்றுபோயிருந்தது. சென்ற ஆண்டு உடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவர், "இதில் கணக்கு இருக்கிறது, படித்துப் பாருங்கள்" என்று ஒரு ஜப்பானிய நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கொடுத்தார். யோகோ ஒகாவா 2003இல் எழுதிய நாவல் அது. விபத்தொன்றில் மூளை அடிபட்டதால் 1975க்குப் பிறகு நடந்த எதையும் எண்பது நிமிடங்களுக்கு மேல் நினைவில் வைத்திருக்க இயலாத ஒரு கணிதப் பேராசிரியர், அவர் வீட்டுக்குச் சமைக்க வரும் பெண், அவளுடைய பத்து வயது மகன் ஆகிய மூவரைப் பற்றியது.

வேலைக்கு வந்த முதல் நாளே பேராசிரியர் அவளிடம் பெயரைக் கேட்காமல் காலணி அளவைக் கேட்கிறார். அவள் 24 என்கிறாள். நான்கின் காரணியப் பெருக்கம் (1×2×3×4) என்று அவர் மகிழ்ந்துபோகிறார். தொலைபேசி எண்ணைக் கேட்கிறார்; அவள் 5761455 என்கிறாள்; ஒன்று முதல் பத்து கோடி வரை உள்ள பகா எண்களின் எண்ணிக்கை அதுதான் என்கிறார். ஆசிரியர் கற்பனையாக ஓர் எண்ணைப் போட்டுவிட்டார் என்றே முதலில் நினைத்தேன். சரிபார்த்தபோது மிகச் சரியாக இருந்தது. அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் மிகையில்லை. வகுப்பறையில் நான் இத்தனை ஆண்டுகளாக எண்களைக் கருவிகளாக மட்டுமே காட்டியிருக்கிறேன் என்று தோன்றியது.

அந்த உற்சாகத்தில் அவருடைய இன்னொரு நூலைத் தேடி வாங்கினேன். ஆங்கிலத்தில் பழிவாங்கல் என்று பொருள்படும் தலைப்பில் 2013இல் வந்த பதினொரு கதைகளின் தொகுப்பு அது. முதல் கதையில் ஒரு தாய் தன் மகனின் பிறந்தநாளுக்காக ஸ்ட்ராபெரி கேக் வாங்க அடுமனைக்கு வருகிறாள். மகன் ஆறு வயதிலேயே, யாரோ தூக்கி எறிந்த குளிர்பதனப் பெட்டிக்குள் சிக்கி மூச்சடைத்து இறந்துவிட்டவன். அடுத்தடுத்த கதைகளில் மனிதக் கை வடிவில் விளையும் கேரட், உடலுக்கு வெளியே துடிக்கும் இதயத்துக்குப் பை தைக்கும் தையல்காரர் என்று போகிறது. நான் பாதியில் மூடிவைத்துவிட்டேன்.

இவ்விரண்டையும் எழுதியவர் ஒருவர்தானா? கொடூரமாக எழுதத் தொடங்கிப் பின்னர் மனம் கனிந்து மாறிவிட்டாரா? அடுத்த மாதம் ஏற்காட்டில் கூடும் எங்கள் வாசிப்புக் குழுவில் அவரைப் பற்றி முக்கால் மணி நேரம் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதற்குள் மூன்று நூல்களாவது முறையாகப் படிக்க விரும்புகிறேன். எவற்றை, எந்த வரிசையில் படிக்கலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: வாசகி, ஏற்காடு

வணக்கம் ஐயா. நீங்கள் மூடிவைத்த நூலைத் தயவுசெய்து மீண்டும் திறவுங்கள். அந்தக் கதைகள் ஒன்றோடொன்று கண்ணியாகக் கோத்தவை. முதல் கதையில் வந்த குளிர்பதனப் பெட்டி கடைசிக் கதையில் திரும்ப வரும். அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் முதல் கதையின் தாய் நமக்கு முழுமையாகப் புரிகிறாள்.

எழுத்தாளர் மாறிவிட்டாரா என்ற கேள்விக்கு முதலில் காலவரிசையைச் சொல்லிவிடுகிறேன். ஒகாவா 1962இல் ஒகயாமா நகரில் பிறந்தவர். தோக்கியோவின் வசேதா பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படித்துவிட்டு ஊர் திரும்பி, ஒரு மருத்துவக் கல்லூரியில் செயலாளராக வேலை பார்த்தார். 1988இல் அவருடைய முதல் கதைக்குக் கையென் இதழின் புதுமுக எழுத்தாளர் பரிசு கிடைத்தது. கர்ப்ப காலத்தைப் பற்றிய குறுநாவலுக்கு 1990ஆம் ஆண்டின் இரண்டாம் பாதிக்குரிய, ஜப்பானின் புகழ்பெற்ற இலக்கிய விருதான அகுதகவா பரிசு கிடைத்தபோது அவருக்கு இருபத்தெட்டு வயது. பொருள்கள் ஒவ்வொன்றாக மறைந்துபோகும் தீவைப் பற்றிய நாவல் 1994இல் வந்தது. நீங்கள் அஞ்சி மூடிய தொகுப்பு ஜப்பானிய மொழியில் 1998இல் வந்தது. பேராசிரியர் நாவல் 2003இல். வெறும் ஆண்டுகளை வைத்துப் பார்த்தால், இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்த எழுத்தாளர் என்று நீங்கள் நினைத்தது சரி என்றே தோன்றும். நானும் சில ஆண்டுகள் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

ஆனால் அந்தக் கர்ப்பக் கதையைப் பாருங்கள். அக்காள் கருவுற்றிருக்கிறாள், தங்கை நாட்குறிப்பு எழுதுகிறாள். கடையில் கிடைத்த அமெரிக்க கிரேப்ஃப்ரூட் பழங்களின் தோலில் தெளிக்கப்படும் மருந்து குரோமோசோம்களைச் சிதைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தும், தங்கை அந்தப் பழங்களைத் தோலோடு நறுக்கி, சர்க்கரை சேர்த்து, பொறுமையாகக் கிளறி ஜாம் காய்ச்சி அக்காளுக்குக் கொடுக்கிறாள். அக்காள் கரண்டி கரண்டியாகச் சாப்பிடுகிறாள். கோபமோ வஞ்சமோ ஒரு சொல்லாகக்கூட வெளிப்படுவதில்லை. இப்போது பேராசிரியர் வீட்டில் சமைக்கும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். காய் நறுக்கும் கையும், அடுப்பருகே நிற்கும் நிதானமும், தான் சமைத்ததை இன்னொருவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணும் இரண்டு கதைகளிலும் ஒன்றே. ஒரு கதையில் அந்தக் கவனம் நஞ்சாகிறது, மற்றதில் அமுதாகிறது. ஒருவரை அக்கறையாகப் பார்த்துக்கொள்ளும் கைக்கு அவரைக் கெடுக்கும் வல்லமையும் உண்டு என்பதை ஒகாவா தொடக்கத்திலேயே கண்டுவிட்டார். பேராசிரியர் நாவல் நம்மை இவ்வளவு உருக்குவதற்குக் காரணமே, அதை எழுதியவர் அந்த இன்னொரு பக்கத்தை முழுவதும் பார்த்து முடித்தவர் என்பதுதான் என்று நான் கருதுகிறேன்.

அவருடைய மனிதர்கள் எல்லோருமே எதையாவது பத்திரப்படுத்துகிறவர்கள். 1994இல் வெளிவந்த இன்னொரு குறுநாவலில், மக்கள் கொண்டுவரும் பொருள்களைப் பாடம் செய்து பாதுகாக்கும் கூடம் ஒன்று வருகிறது. தீயில் எரிந்த வீட்டின் இடத்தில் முளைத்த காளான்களை ஒரு பெண் கொண்டுவருகிறாள். வேறொருத்தி ஓர் இசைத் துணுக்கையே பாதுகாத்துத் தரும்படி கேட்கிறாள். கதை சொல்லும் பெண், தொழிற்சாலை இயந்திரத்தில் மோதிர விரலின் நுனியை இழந்தவள். அக்கதை பிரான்சில் 2005இல் திரைப்படமாக வந்தது. ஆங்கில வாசகர்கள் கவனிக்கத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே பிரெஞ்சு வாசகர்கள் இவரைக் கொண்டாடிவிட்டார்கள்.

பேராசிரியரும் நினைவைப் பாதுகாக்கத்தான் கோட்டு முழுவதும் துண்டுச் சீட்டுகளைக் குத்திவைத்திருக்கிறார். காலையில் எழுந்ததும், "என் நினைவு எண்பது நிமிடங்களுக்கு மட்டுமே" என்று தானே எழுதிவைத்த சீட்டைப் படித்து ஒவ்வொரு நாளும் புதிதாக அந்தச் செய்தியை அறிந்துகொள்கிறாரே, அந்தக் காட்சியும் கொடூரமானதுதான் ஐயா. சத்தமில்லாமல் எழுதப்பட்டிருப்பதால் நாம் அதைக் கடந்துவிடுகிறோம்.

என் பரிந்துரை: கர்ப்பக் கதை அடங்கிய மூன்று குறுநாவல்களின் தொகுப்பை முதலில் படியுங்கள். ஆங்கிலத்தில் 2008இல் வந்தது. நீச்சல் குளத்தின் பெயரைத் தாங்கியது. பிறகு பதினொரு கதைகள். அதன் பிறகு பேராசிரியரை இரண்டாம் முறை படியுங்கள்.

பதில் 2: ஓய்வு பெற்ற பொறியாளர், சூரமங்கலம்

ஏற்காடு அம்மையார் சொன்னவற்றில் பெரும்பகுதியோடு உடன்படுகிறேன். வரிசையில்தான் எனக்கு வேறு கருத்து. வாசிப்புக் குழுவில் புதியவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் கிரேப்ஃப்ரூட் ஜாமைக் கொண்டு தொடங்கினால் பாதிப் பேர் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார்கள். தீவைப் பற்றிய நாவலையே நடுவில் வைத்துப் பேசுங்கள் என்பேன். அது எழுதப்பட்டு இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2019இல்தான் ஸ்டீபன் ஸ்னைடர் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்கு வந்தது. அந்த ஆண்டே அமெரிக்காவின் தேசிய நூல் விருதில் மொழிபெயர்ப்பு நூல்களுக்கான இறுதிப் பட்டியலிலும், 2020இல் சர்வதேச புக்கர் பரிசின் குறும்பட்டியலிலும் இடம்பெற்றது.

பெயரில்லாத தீவு அது. ஒரு நாள் காலையில் எழுந்தால் ஏதாவதொன்று மறைந்திருக்கும். பறவைகள், ரோஜாக்கள், நிழற்படங்கள், நாட்காட்டிகள் என ஒவ்வொன்றாகப் போகின்றன. பொருள் கண்ணெதிரே கிடந்தாலும் அதன் பொருளை மனம் இழந்துவிடுகிறது. மக்கள் தாமாகவே அதை எடுத்துப் போய் எரிக்கிறார்கள், ஆற்றில் விடுகிறார்கள். மறக்க இயலாதவர்கள் சிலர் உண்டு. அவர்களை நினைவுக் காவல்துறை பிடித்துச் செல்கிறது. கதை சொல்லும் பெண் ஒரு நாவலாசிரியை. மறக்க இயலாத தன் பதிப்பாசிரியரைத் தன் வீட்டின் தரைக்கு அடியில் ஓர் ஒளிவறை கட்டி மறைத்துவைக்கிறாள். ஒகாவா சிறுமியாக இருந்தபோது, நாஜிகளுக்கு அஞ்சி ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பைப் படித்து எழுத்தின்பால் ஈர்க்கப்பட்டவர். ஆன் வாழ்ந்த இடங்களை நேரில் சென்று பார்த்து 1995இல் ஒரு நூலும் எழுதினார். இதைத் தெரிந்துகொண்டு படித்தால் அந்த ஒளிவறையின் குறுகலும் மெல்லிய காலடிச் சத்தமும் எங்கிருந்து வந்தன என்பது விளங்கும்.

அந்த நாவலை அரசியல் உருவகமாக மட்டும் படித்து முடித்துவிடாதீர்கள் என்று குழுவினரிடம் சொல்லுங்கள். காவல்துறை அதில் வரத்தான் செய்கிறது. ஆனால் மறதி எங்கிருந்து வருகிறது என்பதற்கு நாவலில் விளக்கமே இல்லை. தீவின் மக்கள் ஒவ்வோர் இழப்புக்கும் இரண்டு மூன்று நாள்களில் பழகிவிடுகிறார்கள். அந்தப் பழக்கம்தான் என்னை அச்சுறுத்தியது. நீங்கள் ஏற்காட்டுக்குப் போகும்போது அடிவாரத்துக்கு முன்பாக மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவைக் கடந்துதானே போவீர்கள்? நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் உருவான இடத்தின் மிச்சமாக அந்த வளைவு நிற்கிறது. என் தலைமுறைக்கு அது ஒரு வாசல். அதன் நிழலில் நின்று தற்படம் எடுத்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு அது வெறும் வளைவு. பொருள் நின்றுகொண்டிருக்க, அதன் பொருள் போய்விடுவதை ஒகாவா எவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்கிறார் என்று ஒவ்வொரு முறை அவ்வழியே போகும்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் இரும்பாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்தவன். ஒகாவாவின் கணவரும் எஃகு நிறுவனம் ஒன்றில் பொறியாளர் என்று படித்தபோது இயல்பாகவே ஆர்வம் உண்டாயிற்று. திருமணத்துக்குப் பின் வேலையை விட்டுவிட்டு, கணவர் ஆலைக்குப் போயிருக்கும் நேரத்தில் அவர் எழுதியிருக்கிறார். முதல் கதைக்குப் பரிசு கிடைத்த பிறகுதான் தம் மனைவி எழுதுகிறவர் என்பதே கணவருக்குத் தெரிந்ததாம். அகுதகவா பரிசு பெற்ற கதையோ, தத்தித் தத்தி நடக்கும் மகனைக் கவனித்துக்கொண்டே, கிடைத்த சிறுசிறு இடைவெளிகளில் எழுதப்பட்டது. நான் பணிக்குப் போன முப்பது ஆண்டுகளில் என் மனைவி பகல் முழுவதும் என்ன நினைத்திருப்பார் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அன்று மாலையே கேட்டேன். இரண்டு மணி நேரம் பேசினார்.

பதில் 3: ஜப்பானிய மொழி பயிலும் மாணவி, கன்னங்குறிச்சி

ஐயா, அம்மா இருவருக்கும் வணக்கம். நூல்களின் தலைப்புகளைப் பற்றி மட்டும் ஒரு சிறு சேர்க்கை. ஆங்கிலத் தலைப்புகள் சில இடங்களில் நம்மை வேறு பக்கம் திருப்பிவிடுகின்றன. தீவு நாவலின் ஜப்பானியத் தலைப்பு "ஹிசோயகனா கெஷ்ஷோ". அதன் பொருள் ஏறக்குறைய "மறைவான படிகம்". காவல்துறை என்ற சொல் அதில் இல்லவே இல்லை. ஆங்கிலத்தில்தான் காவல்துறை அட்டைக்கு வந்தது. பொறியாளர் ஐயா சொன்ன எச்சரிக்கைக்குத் தலைப்பே சான்று. கர்ப்பக் கதையும் ஆங்கிலத்தில் நாட்குறிப்பு. மூலத்தில் "நின்ஷின் கரெண்டா", அதாவது கர்ப்ப நாட்காட்டி. பேராசிரியர் நாவல் ஆங்கிலத்தில் வேலைக்காரப் பெண்ணையும் பேராசிரியரையும் சேர்த்துச் சொல்கிறது. மூலத்தில் அது "ஹகாஸே நோ ஐஷிதா சூஷிகி", பேராசிரியர் நேசித்த சூத்திரம். பதினொரு கதைகளின் மூலத் தலைப்பிலும் பழி இல்லை. "பேசாத பிணங்கள், நெறிகெட்ட இழவு" என்பது போல வரும்.

மென்மையான நூல் ஒன்று வேண்டுமென்றால் "மீனா நோ கோஷின்" என்ற நாவலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மீனாவின் ஊர்வலம் என்று பொருள். பெயரைக் கேட்டால் நம் ஊர்ப் பெண் போல இருக்கும். 2006இல் தனிஸாகி பரிசு பெற்றது. 2024இல்தான் ஆங்கிலத்தில் வந்தது. 1972இல் ஆஷியா நகரத்துப் பெரிய வீடொன்றில் உறவினர்களோடு தங்கவரும் சிறுமி அந்த ஓராண்டை நினைவுகூர்கிறாள். மூச்சுத்திணறல் உள்ள மீனா, வீட்டில் வளரும் குள்ள நீர்யானை மீது அமர்ந்து பள்ளிக்குப் போவாள்; தீப்பெட்டிகளைச் சேகரித்து, அவற்றின் படங்களுக்குக் கதை எழுதிப் பெட்டிகளுக்குள் மறைத்துவைப்பாள். என் தாத்தாவின் அலமாரியில் சிவகாசித் தீப்பெட்டி அட்டைகள் ஒட்டிய ஒரு பழைய நோட்டு இருக்கிறது. அந்நாவலைப் படித்த பிறகுதான் அதை எடுத்துத் தூசி தட்டினேன்.

மறுமொழி: கணித ஆசிரியர், அம்மாபேட்டை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. விடுமுறையில் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு, ஏற்காடு அம்மையார் சொன்ன வரிசையிலேயே படித்தேன்; பதினொரு கதைகளையும் முடித்துவிட்டேன். தீவு நாவல் பாதியில் இருக்கிறது. குழுவில் பேசும்போது மட்டும் பொறியாளர் ஐயாவின் யோசனைப்படி தீவை நடுவில் வைத்துக்கொள்கிறேன்.

பேராசிரியரை இரண்டாம் முறை படித்தபோது கண்ணில் பட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலைக்கு வந்த பெண்ணின் பிறந்தநாள் பிப்ரவரி 20, அதாவது 220. பேராசிரியரின் கைக்கடிகாரத்தில் பொறித்திருக்கும் பரிசு எண் 284. 220இன் காரணிகளில் 220ஐ விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்டினால் 284 வரும். 284க்கு அதேபோலச் செய்தால் 220 வரும். நட்பு எண்கள் என்று இவற்றைச் சொல்கிறோம். நான் இதை எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஆனால் இந்த உறவில் ஓர் எண்ணிடம் இருப்பதை எல்லாம் சேர்த்தால் கிடைப்பது மற்ற எண் என்பது, அதாவது தன்னை விலக்கிவைத்தால்தான் அந்த நட்பு தெரியும் என்பது இப்போதுதான் புலப்பட்டது. ஒகாவா இதை விளக்கவே இல்லை. கூட்டிப் பார்க்கும் வேலையை அந்தப் பெண்ணிடமும் நம்மிடமும் விட்டுவிடுகிறார். பேராசிரியர் போற்றும் பேஸ்பால் பந்து வீச்சாளர் யுதாகா எனத்சுவின் சட்டை எண் 28 என்பதும் அப்படித்தான். 28ஐ விட்டுவிட்டு அதன் மற்றக் காரணிகளான 1, 2, 4, 7, 14 ஆகியவற்றைக் கூட்டினால் அதே 28 வரும்; இதை நிறைவெண் என்கிறோம். ஹான்ஷின் டைகர்ஸ் அணியில் அந்த வீரர் உண்மையாகவே 28ஆம் எண் சட்டை அணிந்து விளையாடியவர்.

தேடிப் படித்ததில் இன்னொரு செய்தி கிடைத்தது. இந்நாவலுக்காக ஒகாவா கணித அறிஞர் மசஹிகோ ஃபுஜிவாராவை அணுகிப் பேசியிருக்கிறார். பின்னர் இருவரும் சேர்ந்து கணிதத்தின் அழகைப் பற்றி 2005இல் ஓர் உரையாடல் நூலும் வெளியிட்டார்கள். அந்த ஃபுஜிவாரா, நியூட்டன், ஹாமில்டன், நம் ராமானுஜன் ஆகிய மூவரின் வாழ்க்கையைப் பற்றி முன்பே ஒரு நூல் எழுதியவர். ஒவ்வொரு முழு எண்ணும் ராமானுஜனுக்குத் தனிப்பட்ட நண்பன் என்று கணித அறிஞர் லிட்டில்வுட் சொன்ன வாக்கியத்தை மாணவர்களுக்குச் சொல்லாத ஆண்டே இல்லை. எண்களை நண்பர்களாகக் கொண்ட அந்த ஜப்பானியப் பேராசிரியருக்கும், இங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவில் ஈரோட்டில் பிறந்த ராமானுஜனுக்கும் இடையே இப்படி ஒரு மனிதர் நிற்கிறார் என்று அறிந்தபோது மனம் நிறைந்துபோயிற்று.

பேராசிரியரின் அண்ணியாருக்கும் வேலைக்காரப் பெண்ணுக்கும் வாக்குவாதம் முற்றும் இடத்தில் அவர் கணித மேதை ஆய்லரின் சூத்திரத்தை ஒரு சீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போகிறாரே, அந்தப் பக்கத்தைக் குழுவில் உரக்கப் படிக்கப் போகிறேன். முடிவற்று நீளும் இரண்டு எண்களும் ஒரு கற்பனை எண்ணும் ஒன்றாகச் சேர, அவற்றோடு வெறும் ஒன்றைக் கூட்டியதும் சுழியமாகி எல்லாம் அடங்குகிறது. அந்தச் சீட்டைப் பார்த்த அண்ணியார் ஏன் அமைதியாகிறார் என்பதை மட்டும் எவ்வளவு முயன்றும் என்னால் விளக்க முடியவில்லை. அம்மா, உங்கள் கருத்து என்ன?

பதில் 4: வாசகி, ஏற்காடு

அந்த ஒன்று யார் என்று பாருங்கள் ஐயா. பல ஆண்டுகளாக அந்த வீட்டில் பேராசிரியரும் அண்ணியாரும் அவர்களுக்கிடையே வெளியே சொல்ல முடியாத ஒரு பழைய உறவும் மட்டுமே இருந்தன. பத்தாவது வேலைக்காரியாக வந்த பெண்ணும், தலை தட்டையாக இருப்பதால் வர்க்கமூலக் குறியின் பெயரால் ரூட் என்று அழைக்கப்பட்ட அவள் மகனும் வந்து சேர்ந்த பிறகுதான் அது அடங்கியது. அண்ணியார் அந்தச் சூத்திரத்தை முன்பே அறிந்தவர் என்று எனக்குத் தோன்றுகிறது; இளமையில் பேராசிரியரே அவருக்குக் காட்டியிருக்கலாம். நாவலில் இதற்கு நேரடிச் சான்று இல்லை. என் வாசிப்பு இது. ரூட் வளர்ந்து கணித ஆசிரியராவதை நீங்கள் எங்களுக்குச் சொல்லாமல் விட்டதை நான் கவனித்தேன். குழுவிலும் அதைச் சொல்லாதீர்கள், படிக்கிறவர்கள் தாமே வந்து சேரட்டும். மீனாவின் நாவல் என்னிடம் இருக்கிறது. கூட்டத்துக்கு வரும்போது எடுத்து வருகிறேன்.